வெளியே ஒரு சாப்பாடு

கனடாவின் வடமேற்கு மூலையான யூக்கானுக்கு வரும் பயணிகளுக்கென்று வருடாவருடம் ஒரு கையேடு அச்சாகிறது. எங்கெங்கே சாப்பிடலாம் என்று அதில் ஒன்பது பக்கம். அந்த ஒன்பது பக்கத்தில் வில்லோ பெண்ட் என்ற எங்கள் ஊருக்குக் கிடைத்தது ஒன்றரை வரி. ‘உணவகம் இல்லை. கடையில் காபி கிடைக்கும், கடைக்காரர் இருந்தால்.’ எழுதியவர் நேரில் வந்து பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். மேவிஸ் தன் கடையில் இருக்கிற நேரத்தைவிடப் பக்கத்து வீட்டில் சீட்டாடுகிற நேரம்தான் அதிகம்.

இந்தக் கையேட்டின் பிரதி ஒன்று நெடுஞ்சாலைப் பராமரிப்புக் கொட்டகையில் காபிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது. லாயிட் சைலஸ் பிப்ரவரி முழுக்க அதைப் படித்தான். சாலையில் விழுந்த பனியைக் கிரேடர் ஓட்டி ஒதுக்குவது அவன் வேலை. ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லை என்று யாரும் வருத்தப்பட்டதும் இல்லை. இரண்டு குளிர்காலமாகத் தபால் ஆபீஸ் பெர்னிஸ் வீட்டுக்கு விறகு பிளந்து போடுகிறான். போட்டுவிட்டு டீ குடிக்கிறான். டீ குடிக்கப் போகிறவன் இருக்கிற விறகையே மறுபடி பிளக்கிறான் என்று ஊரே கண்டுபிடித்துவிட்ட பிறகும், அவன் மட்டும் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு அவளிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. இரண்டு அடுப்புக்கு எதற்கு விறகு, ஒரே வீட்டில் இருந்துவிடலாமா என்பதுதான் கேள்வி. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பழங்குடியில் காக்கைக் குலம் ஓநாய்க் குலத்தில்தான் கட்டவேண்டும்; அவன் காக்கை, அவள் ஓநாய், முறையும் சரி. அவள் கணவன் நார்மன் இறந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. கேட்பதற்குத்தான் இடமில்லை. இந்த ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, திறந்துகொண்டு வருவார்கள். முதல் தடவை அவன் தொண்டையைச் செருமியபோது மேவிஸ் சர்க்கரை கேட்டு வந்தாள். இரண்டாம் தடவை அவன் மாமன் மகன் டிக்ஸன் வந்தான், சூப்பைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் தடவை ஒருவரும் வரவில்லை, அதுவே லாயிட்டுக்குப் பயமாகிவிட்டது. டீயை மடக்கென்று குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

அப்போதுதான் கையேட்டின் ஏழாம் பக்கம் கண்ணில் பட்டது. ‘பீவர் பாஸ் விடுதி. குளிர்காலத்தில் சனிக்கிழமை மதியம் மட்டும். சூப், ரொட்டி, அடுப்பில் சுட்ட ஆப்பிள் பை. வெளியே சாப்பிட விரும்பும் இருவருக்கு அமைதியான இடம்.’ பீவர் பாஸ் நூற்றுப்பத்து கிலோமீட்டர் தெற்கே, விமான நிலையம் இருக்கிற வொயிட்ஹார்ஸுக்குப் போகிற வழியில். பனி ஒதுக்கிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டி நூறு தடவை போயிருக்கிறான், உள்ளே போனதில்லை. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். வெளியே சாப்பிட விரும்பும் இருவர்.

வினை வந்தது இங்கேதான். வில்லோ பெண்டில் ‘வெளியே’ என்றால் வாசலுக்கு வெளியே என்று அர்த்தமில்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் இருப்பது முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் காடு. வெளியே என்றால் யூக்கானைத் தாண்டி, விமானம் ஏறிப் போகிற ஊர்கள்: வான்கூவர், எட்மன்டன், அதற்கும் கீழே என்னென்ன இருக்கிறதோ எல்லாம். ஒருவன் வெளியே போயிருக்கிறான் என்றால் ஆஸ்பத்திரியாக இருக்கும், அல்லது கோர்ட்டாக இருக்கும், அல்லது மகள் வீட்டுப் பிரசவமாக இருக்கும். சாப்பிடுவதற்காக ஒருவர் வெளியே போனதாக இந்த ஊரில் கேள்விப்பட்டதே இல்லை. லாயிட்டுக்கு இது தெரியாததல்ல. பேச்சு வந்த நாளிலிருந்து அவனும் இப்படித்தான் பேசுகிறான். ஆனால் ஒரு மாதமாக அதே பக்கத்தைப் படித்ததில் அச்சடித்தவனின் பாஷை அவன் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை தபால் ஆபீஸுக்குப் போனான். வேறு ஆளில்லை. பெர்னிஸ் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

“சனிக்கிழமை உனக்கு வேலை ஏதாவது இருக்கா?”

“சனிக்கிழமை எனக்கு என்ன வேலை? துணி துவைக்கணும்.”

“இல்ல, ஒரு நாள் வெளியே போய்ச் சாப்பிட்டா என்னன்னு தோணுச்சு. நீயும் நானும்.”

முத்திரை பிடித்த கை அப்படியே நின்றது. “வெளியேவா?”

“ஆமா, வெளியேதான்.”

“சாப்பிடறதுக்கா?”

“சாப்பிடத்தான். வேற எதுக்கும் இல்ல,” என்றான். கேள்வி ஒன்று இருக்கிறது என்பதை மறைக்கப் போய் இப்படிச் சொல்லிவைத்தான்.

பெர்னிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜன்னலில் அவனுடைய லாரியைத் தவிரப் பார்க்க ஒன்றும் கிடையாது, இருந்தும் நிறைய நேரம் பார்த்தாள்.

“எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

“பத்து மணிக்கு வந்துடறேன். எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வந்தா போதும்.”

“சரி, வர்றேன்,” என்றாள். சொல்லிவிட்டு, முத்திரை குத்திய கடிதத்துக்கே இன்னொரு முத்திரை குத்தினாள்.

அந்த வாரம் ஊர் அவனிடம் விசித்திரமாக நடந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை மேவிஸ், “லாயிட், வரும்போது பொரிச்ச கோழி ரெண்டு வாளி. காரம் போட்டதா பாத்து வாங்கு,” என்றாள். வெளியே போய் வருகிறவர்கள் வாளி வாளியாகப் பொரித்த கோழி கொண்டுவந்து தருவது இங்கே எழுதாத சட்டம். கொண்டுவராவிட்டால் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். லாயிட் அதையெல்லாம் யோசிக்கவில்லை. பீவர் பாஸில் இப்போது கோழியும் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துச் சரி என்று தலையாட்டினான். புதன்கிழமை இன்னும் மூன்று வாளிக்குத் தலையாட்டினான். அவன் நினைப்பெல்லாம் அந்தக் கேள்வியை எந்த இடத்தில் கேட்பது, சூப்புக்கு முன்னாலா பின்னாலா என்பதிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிக்ஸன் கொட்டகைக்கு வந்தான். லாயிட்டுக்கு மாமன் மகன் என்பதோடு பெர்னிஸின் குலத்தானும்கூட. அதனால் இரண்டு பக்கமும் நியாயம் கேட்கிற உரிமை தனக்கு உண்டு என்று நினைக்கிறவன்.

“எந்த ஹோட்டல்ல ரூம் போட்டிருக்க மச்சான்?”

“மத்தியானம் சாப்பிட்டுட்டு வர்றதுக்கு எதுக்கு ரூம்?”

“வான்கூவர் போய் மத்தியானம் சாப்பிட்டுட்டுத் திரும்பிடுவியா? எதுல போற, கிரேடர்லயே பறக்கறியா?”

லாயிட்டின் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. டிக்ஸன் அதைப் பார்த்தான், அவன் முகத்தைப் பார்த்தான்.

“நான் பீவர் பாஸைச் சொன்னேன்,” என்றான் லாயிட்.

“எதைச் சொன்ன?”

“பீவர் பாஸ். சூப்பு. ஆப்பிள் பை. புஸ்தகத்துல வெளியே சாப்பிடன்னுதான் போட்டிருக்கு.”

டிக்ஸன் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு டயர்மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கிவிட்டது.

“அவ நாய் ரெண்டையும் எங்கிட்ட விட்டிருக்கா. செவ்வாய்க்கிழமை வரைக்கும். லீவு எழுதிக் குடுத்திருக்கா, நாலு வருஷத்துல முதல் லீவு. இங்க பாரு மச்சான், நார்மனை அங்கேருந்து பெட்டியில கொண்டுவந்த நாள்லேருந்து அவ வெளியே கால் வெக்கல. போன வருஷம் கண்ணுக்கு வான்கூவர் போன்னு டாக்டர் சொன்னாரு. கண்ணு போனாலும் பரவால்ல, போகமாட்டேன்னுட்டா. இப்ப நீ கூப்பிட்டேன்னு சரின்னிருக்கா. நாளைக்கு அவ முன்னாடி சூப்பைக் கொண்டுபோய் வெச்சா என்ன ஆகும்னு நீயே யோசிச்சுக்கோ.”

லாயிட் யோசித்தான். உண்மையைச் சொன்னால் அவள் மானம் போகும். கோழி வாளிவரைக்கும் ஊருக்குச் சேதி போயிருக்கிறது. சொல்லாவிட்டால் விமானம் ஏற வேண்டும். அவன் வொயிட்ஹார்ஸுக்குத் தெற்கே போனதே இல்லை. விமானத்தை நினைத்தாலே அவனுக்கு உள்ளங்கை வியர்க்கும். தரையைச் சுரண்டியே பிழைத்தவன், தரையில்லாத இடத்தில் அவனுக்கு என்ன வேலை? ஆனால் விமானத்தைவிடவும் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவள் அந்தச் சரியைத் திருப்பி எடுத்துக்கொண்டால் இன்னொரு சரி அவளிடமிருந்து வராது.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போனபோது பெர்னிஸ் படியில் தயாராக நின்றாள். புதுக் கோட்டு. பக்கத்தில் சிவப்புப் பெட்டி ஒன்று, பெரிய ஐஸ்பெட்டி இரண்டு. ஐஸ்பெட்டிகளைத் தூக்கி லாரியின் பின்னால் வைத்தான். காலியாக இருந்தன, எடையே இல்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“பதினோரு வாளி,” என்றாள் பெர்னிஸ், கையிலிருந்த காகிதத்தைக் காட்டி. “மேவிஸ் ரெண்டுன்னு உங்கிட்ட சொன்னாளாம், எங்கிட்ட நாலுன்னா. உன் பெட்டி எங்க?”

“அது... பின்னாடி கிடக்கு,” என்றான். பின்னால் கிடந்தது ஒரு மண்வாரி.

மார்ச் மாதத்து வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. சாலை சுத்தமாக இருந்தது, அவனே வியாழக்கிழமை ஒதுக்கியது. முதல் ஐம்பது கிலோமீட்டருக்கு அவன் சாலையைப் பற்றியே பேசினான். இந்த வளைவில் தண்ணீர் ஊறி உறையும், அந்தப் பாலத்தில் பிளேடைத் தூக்கியே ஓட்ட வேண்டும் என்றெல்லாம். பெர்னிஸ் ம் கொட்டினாள். அப்புறம் அவன் மூச்சு விட்ட ஒரு இடைவெளியில் அவள் பேசினாள்.

“வான்கூவர் ஆஸ்பத்திரி. ஏழாவது மாடி. பத்தொம்பது நாள் இருந்தோம். ஜன்னலுக்கு எதிர்ல ஒரு சாப்பாட்டுக் கடை. மேஜைக்கு மேஜை மஞ்ச விளக்கு. சாயங்காலமானா ரெண்டு ரெண்டு பேரா வந்து உக்காருவாங்க. என்ன சாப்பிடறதுன்னு அரை மணி நேரம் அட்டையைப் படிப்பாங்க. நான் மெஷின்ல சிப்ஸ் வாங்கித் தின்னுக்கிட்டே அவங்களைப் பாத்துட்டிருப்பேன். நார்மன்கிட்ட சொல்வேன், நீ எழுந்திரு, அங்க போய் ஒரு தடவை உக்காந்து சாப்பிடுவோம்னு. அவன் சிரிப்பான். கடைசி வாரம் சிரிக்கல.”

லாயிட் வேகத்தைக் குறைத்தான்.

“எனக்கு அந்த ஊர்மேல அவ்ளோ கோபம். நாங்க அங்க சாகப் போறோம், அவங்க சாப்பிடப் போறாங்க. நீ திங்கட்கிழமை வெளியேன்னதும் மாட்டேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். சாப்பிடத்தான், வேற எதுக்கும் இல்லன்ன பாரு. அதுக்கப்புறம் எனக்கு மாட்டேன்னு வரல.”

பீவர் பாஸ் விடுதியின் பலகை தெரிந்தது. லாயிட் லாரியைச் சாலையிலிருந்து இறக்கி வாசலில் நிறுத்தினான். இஞ்சினை அணைத்தான். இனிமேல் பேசச் சாலை இல்லை.

“பெர்னிஸ், நான் ஒரு முட்டாள்.”

“அது தெரியும். என்ன விஷயம்?”

“நான் வெளியேன்னது இதை. இந்த விடுதியை. புஸ்தகத்துல அப்படிப் போட்டிருந்தான், அதை அப்படியே உங்கிட்ட ஒப்பிச்சுட்டேன். நீ பெட்டி கட்டினது எனக்கு நேத்துதான் தெரியும். நேத்தே வந்து சொல்லியிருக்கணும். தைரியம் வரல.”

அவள் முன் கண்ணாடி வழியாக விடுதியைப் பார்த்தாள். கூரையில் பனி, புகைபோக்கியில் புகை, வாசலில் மூன்று சரக்கு லாரிகள். முகத்தில் என்ன இருந்தது என்று லாயிட்டுக்குப் பார்க்கத் துணிவில்லை. காகிதத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.

“சூப்பு ஆறிடும். வா,” என்று இறங்கிவிட்டாள்.

இருவருக்கு அமைதியான இடம் என்று அச்சடித்தவனைப் பிடித்து உதைக்க வேண்டும். உள்ளே இருந்தது ஒரே ஒரு நீள மேஜை. மூன்று லாரி டிரைவர்கள், ஒரு பொறி வேட்டைக்காரர், அவருடைய நாய், எல்லாரும் அதைச் சுற்றித்தான். விடுதிக்காரி ரெனாட்டா இவர்கள் இரண்டு பேரையும் நடுவில் நெருக்கி உட்கார வைத்தாள். சூப் நன்றாகவே இருந்தது. லாயிட்டுக்கு இறங்கவில்லை. பெர்னிஸ் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்து ஒழுங்காகச் சாப்பிட்டாள். கோபமென்றால் திட்டிவிடலாம், அழுகையென்றால் அழுதுவிடலாம், இவள் சும்மா சாப்பிடுகிறாளே என்று அவன் கரண்டியால் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

“லாரி நிறைய சாமான் இருக்கே, எங்க பயணம்?” என்று ரெனாட்டா ஆப்பிள் பையை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“என்னைக் கேக்காத,” என்றாள் பெர்னிஸ் தட்டைப் பார்த்தபடி. “வண்டி ஓட்டறவனைக் கேளு.”

மேஜை முழுக்க அவனைப் பார்த்தது. லாயிட் கரண்டியைக் கீழே வைத்தான். உள்ளங்கை வியர்த்திருந்தது, கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“வெளியே,” என்றான்.

ரெனாட்டாவின் குரல் தணிந்தது. “யாருக்கு உடம்பு சரியில்ல?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. சாப்பிடப் போறோம்.”

ஒரு டிரைவர் அவன் முன்னால் இருந்த கிண்ணத்தைக் காட்டினார். “இப்ப என்ன பண்ணிட்டிருக்கீங்க?”

“இது வழியில.”

பெர்னிஸ் தலை நிமிரவில்லை. தனக்கு வந்த ஆப்பிள் பையில் பாதியை வெட்டி அவன் தட்டுக்குத் தள்ளினாள்.

அவன் எழுந்து சுவரில் இருந்த தொலைபேசிக்குப் போனான். விமானக் கம்பெனிப் பெண்ணோடு அவன் பேசியதை மேஜையில் எல்லாரும் கேட்டார்கள். சாலைச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமான மனுஷன், போனில் கத்தித்தான் பேசுவான். தன் பேரை மூன்று தடவை எழுத்துக்கூட்டிச் சொன்னான். இன்று சாயங்காலம் வான்கூவருக்கு இரண்டு இடம் இருக்கிறதா என்று கேட்டான். அந்தப் பெண் போக மட்டுமா என்று கேட்டிருக்க வேண்டும்.

“திரும்பி வரணும்மா,” என்றான் லாயிட். “ரெண்டு பேரும் திரும்பி வரணும். ரெண்டு பேருக்கும் போடு.”

பெர்னிஸ் சட்டென்று எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலுக்குப் போய்விட்டாள்.

அவன் வெளியே வந்தபோது அவள் லாரியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம். அவன் இஞ்சினைக் கிளப்பினான். இடது பக்கம் போனால் வில்லோ பெண்ட், வலது பக்கம் வொயிட்ஹார்ஸ். வலது பக்கம் திரும்பினான்.

கொஞ்ச தூரம் போனதும், “விமானத்துல ஜன்னலைத் திறக்க முடியுமா?” என்று கேட்டான்.

“முடியாது.”

“அப்ப மூச்சு முட்டினா?”

“என் கையைப் பிடிச்சுக்கோ.” பிறகு, “உன் பெட்டி பின்னாடி கிடக்குன்ன. மண்வாரிதான் இருக்கு. நான் ஐஸ்பெட்டி பக்கத்துலயே பாத்தேன்,” என்றாள்.

“வொயிட்ஹார்ஸ்ல ஒரு சட்டை வாங்கிக்கறேன்.”

“நிறுத்து.”

ஓரமாக நிறுத்தினான். அவள் இறங்கிப் போய்ச் சிவப்புப் பெட்டியை எடுத்து வந்து, இருக்கையில் அவர்கள் இருவருக்கும் நடுவில் வைத்துத் திறந்தாள். மேலே மூஸ் மான் உப்புக்கண்டம் ஒரு பொட்டலம், வெளிச் சாப்பாடு பிடிக்காவிட்டால் இருக்கட்டும் என்று. அதற்குக் கீழே அவளுடைய பச்சைப் பூப்போட்ட சட்டை. அதற்குக் கீழே ஆண்கள் போடுகிற கட்டம் போட்ட சட்டை இரண்டு, அட்டை பிரிக்காதது. கம்பளிக் காலுறை நான்கு ஜோடி. அதற்குக் கீழே மறுபடி அவள் துணி.

“நீ கேட்ட அன்னிக்கே வொயிட்ஹார்ஸுக்குப் போன் பண்ணித் தபால்ல வரவழைச்சேன்,” என்றாள். “எல்லாம் நான் பாத்துக்கறேன்னு சொல்ற ஆம்பள வெறுங்கையோடதான் வருவான்னு தெரியாதா? கழுத்து அளவு டிக்ஸன்கிட்ட கேட்டேன். பெருசா இருந்தா நான் பொறுப்பில்ல.”

லாயிட் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையின் ஒரு கை மடிப்பிலிருந்து பிரிந்து அவள் துணிமேல் கிடந்தது.

“உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்,” என்றான். “ரெண்டு வருஷமா. அதுக்குத்தான் சூப்பு, பை, எல்லாம். சாப்பிடத்தான், வேற எதுக்கும் இல்லன்னது பொய்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“ஒரு ஆள் அதே விறகை எத்தனை தடவை பிளப்பான், லாயிட்?” பெர்னிஸ் அந்தச் சட்டைக் கையை மடித்து, தன் துணிக்கு நடுவிலேயே திரும்ப வைத்தாள். “உன் சட்டையை என் பெட்டியில வெக்கும்போது நான் யோசிச்சுட்டுத்தான் வெச்சேன். கேக்கறதை அந்த மஞ்ச விளக்குக்கு அடியில உக்காந்து கேளு. அங்க நம்மளைத் தெரிஞ்சவங்க யாரும் கதவைத் திறந்துட்டு வரமாட்டாங்க.”

பெட்டியை மூடினாள். ஒரு பக்கத் தாழ்ப்பாள் விழவில்லை. அவன் கையை வைத்து அழுத்தினான், அவள் மாட்டினாள். பிறகு அவன் கியரைப் போட்டுத் தெற்கே ஓட்டினான்.